அறுபத்தாறாம் எண்

இடது சுட்டுவிரலை ஷட்டர் கடித்துவிட்டது.
தேவகோட்டை சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர்வரிசையில்
மூன்றாவது கடை.
திறக்கும்போது முனகும்,
மூடும்போது யோசிக்காது.

விரலுக்கு ஊசி, கட்டு, பத்து நாள் ஓய்வு.
எனக்கு ஓய்வு இல்லை.
ஆவணி வளர்பிறை, மேசையில் பதினேழு பத்திரம்.

அது இத்தனை காலம் என்ன வேலை பார்த்தது என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
தமிழ்99 பலகையில் எஃப் மேல்தான் புள்ளி.
பத்திரம் என்றால் "பத்திரம" என்று நிற்கிறது.
மகன் என்றால் "மகன".
ராத்திரி பஸ்ஸில் தூங்குகிறவர்கள் போல
வாய் மூடாத சொற்கள்.
இரட்டித்தால் தானே புள்ளி வைத்துக்கொள்ளும்,
பக்கமும் பத்தும் பிழைத்துக்கொள்ளும்;
கடைசி எழுத்துக்குத்தான் நாதியில்லை.

நடுவிரலை அனுப்பிப் பார்த்தேன்.
அது உகரத்தின் ஆள்.
புள்ளிக்குப் போய் உகரம் போட்டுத் திரும்பியது.
மகன் "மகனு" ஆனான்.

காத்தமுத்து அண்ணன் சத்தமாக வாசித்தார்:
"உமையாள அவரகளுக்கு எழுதிக் கொடுத்த..."
கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்,
பிறகு முத்திரைத்தாளின் விலையைப் பார்த்தார்.

அப்போது கண்ணில் பட்டான்,
அகரத்துக்கு இடப்பக்கம்
ஒன்றே முக்கால் விசை அகலத்துக்கு
கால் நீட்டிக் கிடந்த கேப்ஸ் லாக்.
தமிழில் பெரிய எழுத்து ஏது, சின்ன எழுத்து ஏது!
நடுஊரில், முன்தெருவும் பின்தெருவும் தொட்டு,
வரி ரசீதில் மட்டும் ஆள் இருக்கும் வீடு.
இந்தச் சீமையில் அப்படி எத்தனை அடித்திருக்கிறேன்!
நாற்பத்தெட்டில் ஒரு பாகம், அதில் பாதி,
கிணற்றுக்குப் போகவர நடைபாத்தியம்,
சாவி ஈப்போவில்.

லினக்ஸ் கேட்டால் சொல்லும்.
ஒரு சன்னலைத் திறந்து, தட்டு என்றது;
எந்த விசைக்கு எந்த எண் என்று
சர்வேயர் போலப் படித்துக் காட்டியது.
எஃப் நாற்பத்தொன்று.
கேப்ஸ் லாக் அறுபத்தாறு.
ஒரே வரியில் எழுதினேன்:
அறுபத்தாறாம் எண் இனி எஃப்.

சுண்டுவிரலால் தட்டினேன். புள்ளி விழுந்தது.
கூடவே பச்சை விளக்கும் எரிந்தது.
அப்புறம் ஆ அடித்தால் ஸ.
ஈ அடித்தால் ஷ.
அடுத்த புள்ளிக்கு ஃ,
ஒன்று கேட்டால் மூன்று.

பெயர் மாறியிருக்கிறது, அனுபவம் மாறவில்லை.
பூட்டுகிற உரிமை உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.
வில்லங்கம் பார்க்காமல் கிரயம் பண்ணுவாளா ஒருத்தி,
அதுவும் இந்தக் கடையில் சம்பளம் வாங்கிக்கொண்டு!
முதலில் பூட்டை நீக்கு என்று ஒரு வரி,
பிறகுதான் இந்த வரி.
விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகு எரியவேயில்லை.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
வந்தபோது பெட்டிக்கு ஒன்றும் நினைவில்லை.
பதிவு செய்யாத பத்திரம் வேறெப்படி இருக்கும்?
இரண்டு வரியையும் ஒரு கோப்பில் எழுதி
விழிக்கும்போதெல்லாம் வாசி என்று வைத்தேன்.
அந்தக் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கும்;
புள்ளி வைத்த பெயரை அங்கே வெளியில் காட்டுவதில்லை.
இங்கே புள்ளி வைத்தால்
உயிர் போய்விடும், மெய் நிற்கும்.
எங்கே வைத்தாலும் எதையோ அடக்குகிறது
இத்தனூண்டு பொட்டு.

உமையாளுக்கு அவர் பாகம் கிடைத்தது,
புள்ளி ஒன்றும் குறையாமல்.
சாவியைப் பற்றி நான் கேட்கவில்லை.

நேற்று காத்தமுத்து அண்ணன்
பேங்குக்கு இங்கிலீஷில் கடிதம் அடிக்க உட்கார்ந்தார்.
தன் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவது அவர் வழக்கம்.
பூட்டைத் தட்டினார். எஃப்.
இன்னொரு தரம், கொஞ்சம் கோபமாக.
எஃப் எஃப் எஃப்.

"ஜெயசீலி, யாரு இந்த எடத்த எழுதி வாங்குனது?"

கட்டுப் போட்ட விரலை
உயர்த்திக் காட்டினேன்.